வன்தட்டைக் காணவில்லை என்று கணிப்பொறி கூறினால்...



முன்னெல்லாம் வீட்டுப் பத்திரமும், பிள்ளைகளின் சான்றிதழ்களும், நிக்காஹ் புகைப்படங்களும் தகரப் பெட்டிக்குள் பூட்டி வைக்கப்பட்டிருந்தன. பெட்டியின் சாவி வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் இருக்கும். இன்று அவற்றுள் பெரும்பகுதி மடிக்கணினிக்குள் குடிபுகுந்துவிட்டது. ஆனால் அந்தப் பெட்டியின் சாவி யாரிடம் உள்ளது என்பதைப் பல வீடுகளில் எவரும் அறியார். இம்மாதம் நாம் பேசவிருக்கும் செய்தி இதனோடு தொடர்புடையது.

2015-ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் நிறுத்திக்கொண்டது. ஆகவே விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவும் வேலை பல வீடுகளில் நடைபெறுகின்றது. நம் புதுவையில் பிரான்சு நாட்டில் உறவினரைக் கொண்ட குடும்பங்கள் பல. அங்கிருந்து வரும் மடிக்கணினிகளிலும் இயங்குதளத்தை மாற்றி அமைக்க வேண்டியதாகிறது. பென்டிரைவைச் செருகி நிறுவத் தொடங்கினால், நடுவழியில் 'டிரைவ் எதுவும் காணப்படவில்லை' என்றொரு அறிவிப்புத் தோன்றுகின்றது. 'வன்தட்டு போய்விட்டது, புதிது வாங்க வேண்டும்' என்று உடனே முடிவு கட்டிவிடுகின்றனர்.

அவசரம் வேண்டா. காணவில்லை என்பது வேறு; இல்லை என்பது வேறு.

முதற் சோதனை

கணிப்பொறியை அணைத்து, மீண்டும் இயக்கியவுடன் எஃப்2 விசையைத் தொடர்ந்து தட்டுங்கள். டெல், ஏசர், ஆசஸ் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் இவ்விசையே. எச்.பி. நிறுவனக் கருவிகளுக்கு எஃப்10. 'பயாஸ்' எனப்படும் அடிப்படை அமைப்புத் திரை தோன்றும். அங்கு வன்தட்டின் பெயரோ கொள்ளளவோ காணப்படுகின்றதா என்று பாருங்கள். காணப்பட்டால், தட்டு பொருத்தப்பட்டுள்ளது, கருவி அதனை அறிகின்றது என்று பொருள். அறியாதது நிறுவும் மென்பொருள் மட்டுமே.

காரணம் என்ன?

2020-ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் வெளியிட்ட பதினோராம் தலைமுறைச் செயலிகள் முதல், பல மடிக்கணினிகளில் 'வி.எம்.டி.' என்னும் ஏற்பாடு இயக்கப்பட்ட நிலையிலேயே வருகின்றது. வன்தட்டுக்கும் இயங்குதளத்துக்கும் இடையே அது ஒரு வாயிற்காவலரைப் போல் நிற்கின்றது. அதனோடு பேசுவதற்கு உரிய 'டிரைவர்' என்னும் சிறு மென்பொருள் வேண்டும். நிறுவும் பென்டிரைவில் அது இல்லாவிட்டால், உள்ளே தட்டு நலமாக இருந்தும் வெளியே தெரியாது.

இது புதிய தொல்லையுமன்று. 2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி, பின்னர் பரவிய சாட்டா வகைத் தட்டுகள் பலவற்றை அறியாது விழித்தது. அந்நாளில் எஃப்6 விசையை அழுத்தி, ஃபிளாப்பித் தட்டிலிருந்து டிரைவரை ஊட்டுவார்கள். ஃபிளாப்பி மறைந்து பென்டிரைவ் வந்திருக்கின்றது, முறை அதுவே.

செய்ய வேண்டியது

வேறொரு கணிப்பொறியில், உங்கள் மடிக்கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் இணையப் பக்கத்திற்குச் சென்று, மாதிரி எண்ணைக் கொடுத்து, 'இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி' டிரைவரை இறக்கிக்கொள்ளுங்கள். அது ஒரே கோப்பாகக் கிடைத்தால் அப்படியே பென்டிரைவில் இட்டுப் பயனில்லை. அதனை விரித்தெடுத்து, 'ஐ.என்.எஃப்.' என முடியும் கோப்பு உள்ள ஃபோல்டரைப் பென்டிரைவில் பதியுங்கள். நிறுவும் திரையில் 'லோட் டிரைவர்' என்பதை அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டினால், மறைந்திருந்த தட்டு திரையில் தோன்றும். பிரெஞ்சு மொழித் திரையாயின் 'பிலோத்' என்ற சொல்லைத் தேடுங்கள். கப்பலைச் செலுத்துபவரைக் குறிக்கும் அதே சொல்லைத்தான் பிரெஞ்சுக்காரர் டிரைவருக்கும் வழங்குகின்றனர்.

பயாஸில் வி.எம்.டி.யை நிறுத்திவிடுவது மற்றொரு வழி. ஏசர் கருவிகள் சிலவற்றில் 'மெயின்' பக்கத்தில் கன்ட்ரோல், எஸ் விசைகளைச் சேர்த்து அழுத்தினால்தான் அவ்வமைப்பே வெளிப்படும். இவ்வழி எளிதுதான், ஆனால் ஆபத்தும் உண்டு. ஏற்கெனவே தட்டில் உள்ள பழைய விண்டோஸ் அதன்பின் எழும்பாமல் போகலாம்.

சாவி யாரிடம்?

அதனினும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அண்மைக்கால மடிக்கணினிகள் பலவற்றில் தகவல்கள் 'பிட்லாக்கர்' என்னும் பூட்டினால் தாமாகவே பூட்டப்படுகின்றன. பயாஸில் கை வைத்ததும், 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியைக் கணிப்பொறி கேட்கலாம். அச்சாவி, கருவியை முதலில் அமைத்தவரின் மைக்ரோசாப்ட் கணக்கில் இருப்பதே வழக்கம். பாரீஸிலிருந்து மச்சான் அனுப்பிய கருவியாயின், சாவியும் பாரீஸில்தான் இருக்கும்! எனவே பயாஸைத் தொடுவதற்கு முன் அவருக்குத் தொலைபேசியில் பேசி, அவ்வெண்ணைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சாவி இன்றேல் உள்ளே இருப்பவற்றை எந்தக் கடைக்காரராலும் எடுத்துத் தர இயலாது.

பிரெஞ்சு விசைப்பலகையில் எண்களைத் தட்ட ஷிஃப்ட் விசை வேண்டும்; இதனால் குழப்பம் நேரும். பிட்லாக்கர் திரையில் எஃப்1 முதல் எஃப்9 வரையுள்ள விசைகள் 1 முதல் 9 வரையுள்ள எண்களாகவும், எஃப்10 விசை சுழியமாகவும் பயன்படும்.

பயாஸிலும் காணாவிடில்

அப்போது கோளாறு பொருளில்தான். அரசு வழங்கிய மடிக்கணினிகள் போன்ற பழைய கருவிகளில் சுழலும் வகைத் தட்டே இருக்கும். தட்டின் இணைப்பு தளர்ந்திருக்கலாம். கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றில் இணைப்பு முனைகள் அரிக்கப்பட்டும் இருக்கலாம். மின்சாரத்தைத் துண்டித்து, தட்டைக் கழற்றித் திரும்பப் பொருத்தினாலே சில வேளை சரியாகிவிடும். தட்டைச் சிறு யு.எஸ்.பி. உறையில் இட்டு வேறொரு கணிப்பொறியில் இணைத்துப் பார்ப்பது நல்ல சோதனை. 'டிக், டிக்' என்ற ஓசை எழுமாயின் உடனே நிறுத்திவிடுங்கள். மீண்டும் மீண்டும் ஓட்டினால் உள்ளிருக்கும் தகவல் பரப்பே சிதைந்துபோகும். தகவல் மீட்பு அறிந்தவரிடம் மட்டும் அதனை ஒப்படையுங்கள்.

தட்டு தோன்றியபின் ஓர் எச்சரிக்கை. நிறுவும் திரையில் உள்ள 'டெலிட்', 'ஃபார்மட்' என்னும் இரு சொற்களும், கட்டளைத் திரையில் தட்டப்படும் 'கிளீன்' என்ற சொல்லும் உங்கள் தகரப் பெட்டியைக் கொட்டிக் கவிழ்ப்பவை. எஸ்.எஸ்.டி. வகைத் தட்டில் அழிந்தவற்றைத் திரும்பப் பெறுவது மிக அரிது. பழைய விண்டோஸ் இன்னும் எழும்புகின்றதாயின், முதலில் எல்லாவற்றையும் வெளித் தட்டொன்றில் பிரதி எடுங்கள். எழும்பவில்லையாயின், அழிப்பதற்கு முன் பிரதி எடுத்துத் தரும்படி பழுதுபார்ப்பவரிடம் தெளிவாகக் கூறுங்கள். 'உள்ளே ஒன்றும் தேவையில்லைதானே?' என்று கடையில் கேட்கும்போது, பள்ளிக்குச் செல்லும் பிள்ளை தலையாட்டிவிட்டு வந்துவிடக் கூடாது. வீட்டில் உள்ள எல்லோரையும் கேட்ட பின்னரே அதற்கு விடை சொல்ல வேண்டும்.

இன்றே ஒரு வேலை செய்யுங்கள். மீட்புச் சாவியை எழுதிய தாளொன்றைக் குடும்ப ஆவணங்களோடு சேர்த்து வையுங்கள். புகைப்படங்களின் பிரதியொன்றை வேறு தட்டிலும் வையுங்கள். இவ்விரண்டும் இருக்கும் வீட்டில், 'வன்தட்டைக் காணவில்லை' என்ற அறிவிப்பு ஒரு பிற்பகல் வேலையாக முடிந்துவிடும், இன்ஷா அல்லாஹ்.