படம் மட்டும்தானே எடுத்தோம்!

"படம் மட்டும் எடுத்துச் செல்லுங்கள், காலடித்தடம் மட்டும் விட்டுச் செல்லுங்கள்." காட்டுக்குப் போகிறவர்களுக்கென்று உலகம் முழுக்கப் பலகையில் எழுதி வைக்கும் வாசகம் இது. முதல் தடவை படித்தபோது எனக்கும் பிடித்திருந்தது. டைரியில்கூட எழுதி வைத்தேன். மேற்கு ஆஸ்திரேலியாவுக்குப் படிக்க வந்து, இரவல் கேமராவைத் தூக்கிக்கொண்டு இரண்டு வசந்த காலம் புதர்க்காடுகளில் அலைந்த பிறகு சொல்கிறேன்: இந்த ஊரைப் பொறுத்தவரை அந்த வாசகத்தின் இரண்டு பாதியும் தப்பு. இரண்டாவது பாதி ரொம்பவே தப்பு.

"ஒரு பூவைப் படம் எடுக்கிறதுல என்னடா பாவம்?" என்று அறை நண்பன் கேட்டான். (அவன் இதுவரை வளர்த்த ஒரே செடி, ஃப்ரிட்ஜுக்குள் முளைவிட்ட வெங்காயம்.) அவனிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். சற்றே நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

ஆர்க்கிட் என்றதும் நமக்கெல்லாம் கல்யாண ரிசப்ஷன் மேடையில் கொத்துக் கொத்தாகச் செருகி வைக்கும் ஊதாப் பூதான் ஞாபகம் வரும். தென்மேற்கு ஆஸ்திரேலியாவின் காட்டு ஆர்க்கிட்டுகள் அந்த ரகம் இல்லை. மரத்தில் தொற்றி வளராமல் மண்ணில் முளைப்பவை. கோடை முழுக்க மண்ணுக்கடியில் ஒரு சின்னக் கிழங்காகத் தூங்கும். மழை விழுந்ததும் இலை வரும், குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் பூக்கும். அந்தச் சில மாதங்களில் இலை சமைத்துத் தருவதை வைத்துத்தான் அடுத்த வருஷத்துக்கான புதுக் கிழங்கு உருவாகிறது. பல ஜாதிகளுக்கு மொத்தமே ஒற்றை இலைதான். அந்த ஒரு இலை நசுங்கினால் அந்த வருஷச் சம்பாத்தியம் போச்சு. கிழங்கு சிறுத்துவிடும், சில சமயம் செடியே போய்விடும்.

விதையின் கதை இன்னும் பரிதாபம். தூசு மாதிரி இருக்கும், உள்ளே சேமிப்பு உணவு என்று எதுவும் கிடையாது. மண்ணில் அதற்குத் தோதான பூஞ்சை இருந்து சோறு ஊட்டினால்தான் முளைக்கும். ஷீபா ராணி என்று இங்கே செல்லமாகக் கூப்பிடும் ஒரு ஆர்க்கிட் இருக்கிறது. ஊதா, சிவப்பு, மஞ்சள் எல்லாம் கலந்து, பெயிண்ட் கடையில் விபத்து நடந்த மாதிரி ஒரு பூ. விதையிலிருந்து முதல் பூ வர 7 முதல் 10 வருஷம் ஆகும் என்கிறார்கள். நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது முளைத்தது இப்போதுதான் பூக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பூவைப் படம் பிடிக்க ஆட்கள் பல நூறு கிலோமீட்டர் கார் ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். வரட்டும், தப்பில்லை. வந்து என்ன செய்கிறார்கள் என்பதுதான் என் புகார். அந்தப் புகார்ப் பட்டியலில் முதல் ஆளாக என் பெயரையே போட்டுவிடுகிறேன்.

போன செப்டம்பரில் நடந்தது. எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை. என்னோடு வந்த சீனியர் அண்ணா ஒருவர் சுத்தியல் ஆர்க்கிட் ஒன்றைக் கண்டுபிடித்தார். இந்தப் பூவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். ஈர்க்குச்சி மாதிரி மெல்லிய தண்டு, அதன் நுனியில் கருஞ்சிவப்பாக ஒரு உருண்டை. அது பார்க்கவும் மணக்கவும் ஒரு குளவியின் பெண்ணைப் போலவே இருக்கும். அந்த ஜாதிப் பெண் குளவிக்கு இறக்கை கிடையாது. புல்நுனியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, ஆண் வந்து தூக்கிப் போகட்டும் என்று காத்திருக்கும். ஆண் குளவி ஏமாந்து பூவைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்க்கும்போது, அந்த உருண்டைக்குப் பின்னால் இருக்கும் கீல் மடங்கி, குளவியை அப்படியே மகரந்தத்தின் மேல் கொண்டுபோய் மோதும். முதுகில் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். இன்னொரு பூவிடம் மறுபடி ஏமாந்தால் வேலை முடிந்தது. மொத்தம் 10 ஜாதிகள், பத்தும் தென்மேற்கு ஆஸ்திரேலியாவைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது.

இதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மேக்ரோ லென்ஸை மாட்டினேன், பூவின் உயரத்துக்குக் கேமரா வர வேண்டுமே என்று வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்தேன். இடதுபக்கம் ஒரு புரள், வலதுபக்கம் ஒரு புரள். கால் மணி நேரத்தில் எண்பதுக்கும் மேல் படம். எழுந்து சட்டையைத் தட்டும்போது, பாதையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, கோபமே இல்லாமல், "நீ படுத்த இடத்தைப் பார்" என்றார். குனிந்து பார்த்தேன். காசு அளவில், இதய வடிவத்தில், மண்ணோடு மண்ணாக ஒட்டிக் கிடந்த இலைகள். சுத்தியல் ஆர்க்கிட்டின் இலைதான். அந்த வருஷம் பூக்காத செடிகள். ஒரு பூ நிற்கிறது என்றால் அதைச் சுற்றிப் பூக்காத சொந்தக்காரர்கள் பலர் இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. என் முழங்கையும் முழங்காலும் பட்ட இடத்தில் ஏழு இலைகள் எண்ணினேன். நாலு கிழிந்திருந்தன.

இதே காட்டில் நான் அந்தப் பூவைப் பறித்திருந்தால் சட்டப்படிக் குற்றம். இந்த மாநிலத்தின் 2016 பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, அரசு நிலத்தில் காட்டுப்பூ பறிக்க உரிமம் வேண்டும். சரிதான். ஆனால் பூவைப் பறித்தவன் அந்த வருஷ விதையைக் கெடுக்கிறான், இலையும் கிழங்கும் அங்கேயே இருக்கின்றன. நான் ஒரு பூவையும் தொடவில்லை, நாலு செடியின் இலையை நசுக்கிவிட்டு வந்தேன். பறித்தவன் திருடன், நான் இயற்கை ஆர்வலன்! வீட்டுக்கு வந்து படத்தை ஏற்றியதும் எத்தனை லைக், எத்தனை கைதட்டல். எந்த ஊர் நியாயம் இது?

இலை நசுங்குவதாவது கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாதது செருப்புக்கு அடியில் இருக்கிறது. ஃபைட்டோஃப்தோரா சின்னமோமி என்று ஒரு நுண்ணுயிர். பூஞ்சை மாதிரி இருக்கும், ஆனால் பூஞ்சை கிடையாது. 1922ல் சுமத்ராவின் லவங்கப்பட்டை மரங்களில் கண்டுபிடித்ததால் இந்தப் பெயர். இங்கே சாதாரணமாக 'டைபேக்' என்பார்கள். வேரைத் தின்று மரத்தைக் காயவைத்துக் கொன்றுவிடும். ஜாரா மரங்கள் ஏன் கூட்டம் கூட்டமாகச் சாகின்றன என்று பல பத்தாண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டு, 1960களில்தான் இந்த ஆசாமிதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். தென்மேற்கில் உள்ள மண்ணின் செடிகளில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்ட ஜாதிகள் இதற்குப் பலியாகக் கூடியவை. மருந்து கிடையாது. பாஸ்பைட் தெளித்துத் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். ஈர மண்ணில் ஒட்டிக்கொண்டு டயரிலும் பூட்ஸிலும் ஊர் ஊராகப் போகும். ஈர மண் எப்போது? மழைக்காலத்திலும் வசந்தத்திலும். ஆர்க்கிட் தேடிக் கூட்டம் அலைவதும் அப்போதேதான்.

ஆக, "காலடித்தடம் மட்டும் விட்டுச் செல்லுங்கள்" என்று இந்த ஊரில் பலகை வைப்பது, ஆஸ்பத்திரி வாசலில் "தும்மிவிட்டு மட்டும் செல்லுங்கள்" என்று எழுதி வைப்பதற்குச் சமம். ஃபிட்ஸ்ஜெரால்ட் ஆறு, ஸ்டிர்லிங் மலைத்தொடர் தேசியப் பூங்காக்களில் பூட்ஸைத் தேய்த்துக் கழுவுவதற்கென்றே இடம் வைத்திருக்கிறார்கள். பத்து லட்ச ரூபாய்க்கு லென்ஸ் வைத்திருக்கும் மகானுபாவர் ஒருவர் வேறொரு இடத்தில் இதே மாதிரித் தொட்டியைத் தாண்டிக் குதித்துப் போனதை என் கண்ணால் பார்த்தேன். வெளிச்சம் போய்விடுமாம்.

அடுத்தது 'தோட்ட வேலை'. நான் வைத்த பெயர் இல்லை, படக்காரர்களே இப்படித்தான் சொல்கிறார்கள். பின்னணி சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று பூவைச் சுற்றியுள்ள புல்லைப் பிடுங்குவது, குச்சிகளை ஒடிப்பது, காய்ந்த சருகை ஒதுக்குவது. படம் பிரமாதமாக வரும். ஆனால் அந்தப் புல்லும் குச்சியும்தான் முயலிடமிருந்தும் கங்காருவிடமிருந்தும் பூவை மறைத்து வைத்திருந்தன. திரையை விலக்கிவிட்டு நாம் காரில் ஏறிவிடுகிறோம்.

இதன் உச்சம் நிலத்தடி ஆர்க்கிட். 1928ல் கோரிஜின் என்ற ஊர்ப்பக்கம் ஒரு விவசாயி தன் நிலத்தில் தற்செயலாகக் கண்டது. இதற்கு இலையே கிடையாது, பச்சையமும் கிடையாது. மண்ணுக்குள்ளேயே வாழ்ந்து மண்ணுக்குள்ளேயே பூக்கும். ஒரு வகை மெலலூகா புதரின் வேரோடு பூஞ்சை வழியாகச் சம்பந்தம் வைத்துக்கொண்டு பிழைக்கிறது. இதைப் படம் பிடிக்க ஒரே வழி மண்ணையும் சருகையும் விலக்குவதுதான். ஆய்வாளர்கள் அனுமதி வாங்கி அதைச் செய்யலாம். மற்றவர்கள் எதற்கு? ஏற்கெனவே நல்ல படங்கள் இருக்கின்றனவே! நம் கேமராவில் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

பூவாவது வாயில்லாதது, மிருகமென்றால் பயப்படுவார்களே என்று நினைக்க வேண்டாம். கிழக்கே க'காரி தீவில் (பழைய பெயர் ஃப்ரேசர் தீவு) டிங்கோக்களோடு செல்ஃபி எடுத்த இரண்டு பெண்களுக்கு 2023ல் ஆளுக்கு 2,300 டாலர் அபராதம் போட்டார்கள். அதே ஜூலையில் கடற்கரையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை டிங்கோக் கூட்டம் கடித்தது. கூட்டத்துக்குத் தலைமையான டிங்கோவைப் பிடித்துக் கொன்றார்கள். மனிதரிடம் பயம் விட்டுப்போன டிங்கோவின் கதி இதுதான். செல்ஃபிக்கு வந்தவருக்குப் பணம் போகும், அதற்கு உயிர் போகும். 2025 மார்ச்சில் ஓர் அமெரிக்கப் பெண் ராத்திரி நேரத்தில் வொம்பாட் குட்டியைத் தாயிடமிருந்து பறித்துக்கொண்டு ஓட, கூட வந்தவர் சிரித்துக்கொண்டே வீடியோ எடுத்தார். தாய் பின்னாலேயே ஓடி வந்தது. நாடே கொதித்தது, பிரதமரே கண்டித்துப் பேசினார். எனக்கென்னவோ, அந்தப் பெண்ணைத் திட்டுவது ரொம்பச் சுலபமாக இருந்ததால்தான் எல்லோரும் திட்டினார்கள் என்று படுகிறது. அவர் கையால் செய்ததை முழங்காலால் செய்கிற நாம் மாட்டுவதில்லை.

பெரியவர்களும் முழு யோக்கியம் இல்லை. 1998ல் வந்த பிபிசியின் 'தி லைஃப் ஆஃப் பேர்ட்ஸ்' தொடரில், கேமரா ஷட்டர், கார் அலாரம், மரம் அறுக்கும் இயந்திரம் என்று லயர்பேர்ட் மிமிக்ரி செய்யும் காட்சியைப் பார்க்காதவர்கள் குறைவு. அதில் வரும் மூன்று பறவைகளில் இரண்டு, ஹீல்ஸ்வில் சரணாலயத்திலும் அடிலெய்ட் மிருகக்காட்சி சாலையிலும் இருந்தவை. படத்தில் அதைச் சொல்லவில்லை. கூண்டுப் பறவையை எடுத்தது தப்பில்லை, அதனால் காட்டுப் பறவைக்குத் தொந்தரவு மிச்சம். மறைத்ததுதான் தப்பு. காட்டுக்குப் போனால் பறவை முகத்துக்கு நேரே வந்து கச்சேரி செய்யும் என்று பார்த்தவன் நம்பிவிடுகிறான். செய்யாதபோது மொபைலில் அதன் குரலைப் போட்டு இழுக்கிறான். எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து அது கூட்டை விட்டுவிட்டு வருகிறது.

"அப்போ படமே எடுக்கக் கூடாதா? படம் இல்லாமல் இந்த உயிர்களைப் பற்றி யாருக்கு அக்கறை வரும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இரவுக்கிளியைப் பாருங்கள். 1990ல் சாலையோரம் செத்துக் கிடந்த ஒன்று, 2006ல் இறந்து கிடைத்த இன்னொன்று, இவ்வளவுதான் கையில் இருந்த ஆதாரம். 2013ல் மேற்குக் குயின்ஸ்லாந்தில் உயிரோடு படமும் வீடியோவும் எடுத்த பிறகுதான் காரியங்கள் நகர்ந்தன. புஷ் ஹெரிடேஜ் அமைப்பு அந்த நிலத்தை வாங்கிக் காப்பகமாக்கியது. ஆனால் படம் வெளிவந்த வேகத்தில் இடம் வெளிவரவில்லை, அதைப் பொத்திப் பொத்தி வைத்தார்கள். அந்தப் படம் காப்பாற்றியது என்றால், இடத்தைச் சொல்லாமல் விட்டதற்கும் அதில் பாதிப் பங்கு உண்டு. ஐநேச்சுரலிஸ்ட் தளமும் அழிவின் விளிம்பில் உள்ள உயிர் என்றால் சரியான இடத்தைத் தானாகவே மறைத்துவிடும். மறைக்காதது நம்ம ஃபேஸ்புக் குழுவும், "லொக்கேஷன் ப்ளீஸ்" கும்பலும்தான்.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. பாதையிலிருந்து எடுக்க முடிந்தால் எடு, முடியாவிட்டால் கண்ணால் பார்த்துவிட்டு வா. பூட்ஸைக் கழுவு. புல்லைப் பிடுங்காதே. படப் போட்டி நடத்துகிறவர்கள், படுத்துப் புரண்டும் தோட்ட வேலை செய்தும் எடுத்த படத்துக்குப் பரிசு தராமல் இருக்கட்டும். எங்கே நின்று, எப்படி எடுத்தாய் என்று ஒரு வரி கேட்டாலே பாதிப் பேர் ஒதுங்கிவிடுவார்கள். பொய் சொல்வார்களே என்கிறீர்களா? சொல்லட்டும், பொய் சொல்ல வேண்டிய விஷயம் இது என்றாவது தெரிந்துகொள்வார்கள்.

அந்த எண்பது படங்களில் ஒன்றுகூட இங்கே போடவில்லை. வெட்கம்தான், வேறென்ன.

இதை எழுதி முடித்துச் சீனியர் அண்ணாவிடம் படிக்கக் கொடுத்தேன். பொறுமையாகப் படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்க தம்பி. இந்த செப்டம்பர்ல என் மச்சான் ஊர்லேர்ந்து வர்றான், அந்த இடம் மட்டும் வாட்ஸப்ல போட்டு விடு, வழி மறந்துபோச்சு" என்றார். கிங்ஸ் பார்க் போங்க அண்ணா, பெர்த் நடுவிலேயே இருக்கு, பஸ்ஸிலேயே போகலாம், தார் போட்ட பாதையிலிருந்தே ஆர்க்கிட் தெரியும் என்று பதில் அனுப்பினேன். இரண்டு நாளாகிறது, நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் வரவில்லை.