சடாயுவின் ஊரில் ஏரியைப் பற்றி

காஞ்சிபுரத்துக்கு மேற்கே திருப்புட்குழியில் விஜயராகவப் பெருமாள் சடாயுவை மடியில் ஏந்தி அமர்ந்திருக்கிறார். ராவணனை வெல்ல முடியாது என்று தெரிந்தும் வழிமறித்த பறவை அது. அதற்கு ராமனே ஈமக்கடன் செய்த இடம் இது என்பது தலபுராணம். கோயில் எதிரே உள்ள குளத்துக்கும் சடாயு தீர்த்தம் என்றே பெயர்.

2015 டிசம்பரில் வெள்ளம், 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு குடத்தோடு வரிசை. இரண்டையும் கண்ட வட்டாரம் இது. அந்தக் கோடையில் மழை வேண்டி யாகம் நடத்தச் சொல்லிக் கோயில்களுக்கு அறநிலையத் துறை சுற்றறிக்கை அனுப்பியது. ஜூலை 1 முதல் 48 நாள் காஞ்சிபுரத்தில் அத்திவரதர் என்னும் பெருமாளைக் காண மக்கள் வெள்ளமாகத் திரண்டார்கள். அந்தப் பக்தியை நான் மதிக்கிறேன். ஆனால் அதில் நூறில் ஒரு பங்கு கூட்டம் ஏரிக்கரைக்கு வந்திருந்தால்?

கடல் சூடேறச் சூடேற, மழை பெய்தால் கொட்டுகிறது, இல்லையேல் பொய்க்கிறது. கொட்டுவதைப் பிடித்து வைக்க ஏரியை விட்டால் நமக்கு வேறு வழியில்லை. பராந்தக சோழன் காலத்திலேயே, பத்தாம் நூற்றாண்டில், உத்திரமேரூர்க் கோயில் சுவரில் ஏரி வாரியத்துக்கு ஆள் எடுக்கும் விதியை வெட்டி வைத்தார்கள். இன்று ஏரியின் வரத்துக் கால்வாயில் சீமைக் கருவேலம் மண்டினால் நீர்வளத் துறைக்கு மனு எழுதிவிட்டுக் காத்திருக்கிறோம். வெல்வோமா என்று பாராமல் இறங்கியது சடாயு. புரட்டாசிச் சனிக்குக் கூடுகிற பக்தர்களிடம் திருப்புட்குழிக் கோயில் நிர்வாகமே கேட்கட்டும்: ஐப்பசி மழைக்கு முன் ஒரு ஞாயிறு, மண்வெட்டியோடு கால்வாய்க்கு வாருங்கள்.