பார்ட்ஸை மாற்றும் முன் ஒரு கோடு போடுங்கள்

வேன் உதறுகிறது என்று பட்டறைக்குக் கொண்டுபோனால் நம் பக்கத்தில் கிடைக்கும் முதல் பதில், "ரோடு அப்படிண்ணே." இரண்டாவது, "டயரை மாத்திடலாம்." மூன்றாவது, "ஷாக் அப்சர்பரையும் பார்த்துடலாம்." இந்த மூன்றும் பதில்களே அல்ல என்பது என் கட்சி. "பார்த்துடலாம்" என்றால் பட்டறை அகராதியில் "மாற்றிவிடலாம்" என்று பொருள். பார்ப்பது மட்டும் நடப்பதில்லை.

காலமெல்லாம் கோப்பு புரட்டிய குமாஸ்தாவுக்கு வேனைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எனக்குக் கோப்பு தெரியும். ஒரு புகார் மனு வந்தால் எங்கே நடந்தது, எப்போது நடந்தது, அதற்கு முன் என்ன நடந்தது என்று குறிப்பு எழுதாமல் நாங்கள் அடுத்த பக்கம் போக மாட்டோம். வேனின் உதறலும் ஒரு புகார் மனுதான். அதை யாரும் படிப்பதில்லை என்பதே என் வருத்தம்.

எங்கள் தெருவில் ஒரு தம்பி கடன் வாங்கிப் பெரிய வேன் ஓட்டுகிறார். முகூர்த்த நாளில் கல்யாண வீட்டார். மற்ற நாட்களில் கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை ஏறி, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வரும் கல்வராயன் மலை மக்களை இறக்கிக்கொண்டு வருவார். போன வருடம் வண்டி உதற ஆரம்பித்தது. ஐந்து மாதத்தில் முன் டயர் இரண்டு, ஷாக் அப்சர்பர் நான்கு, இன்ஜின் மவுண்டிங் எல்லாம் புதிதாயின. மூன்று தவணைப் பணம் போயிற்று. உதறல் மட்டும் போகவில்லை. "ஐயா, வண்டியை வித்துடலாமான்னு பாக்கிறேன்" என்றார்.

நான் அவரிடம் கேட்டவை நான்கே கேள்விகள். எந்த வேகத்தில் உதறுகிறது? அதே வேகத்தில் நாலாவது கியரிலும் ஐந்தாவது கியரிலும் ஒரே மாதிரி உதறுகிறதா? ஆள் ஏறினால் கூடுகிறதா, குறைகிறதா? உதறல் தொடங்குவதற்கு முன் கடைசியாக வண்டியில் என்ன வேலை நடந்தது? ஐந்து மாதத்தில் இவற்றில் ஒன்றைக்கூட எந்தப் பட்டறையிலும் கேட்கவில்லை என்றார் அவர்.

இந்தக் கேள்விகள் வீண் அல்ல. வேன் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஒரு விநாடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. சக்கரம் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகமாக உருளும். ஆக, விநாடிக்குச் சுமார் 10 சுற்று. டயரிலோ டிஸ்க்கிலோ கோளாறு என்றால் உதறலும் விநாடிக்குப் பத்துத் தடவை. கை நடுங்குவது போல ஸ்டியரிங்கிலும் சீட்டிலும் தெரியும். இன்ஜின் பக்கமிருந்து பின் சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் அதைவிட ஏறக்குறைய நாலு மடங்கு வேகமாக, அதாவது சுமார் 40 தடவை சுற்றும். அதிலுள்ள ஜாயிண்டில் கோளாறு என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு உதறல், விநாடிக்கு 80. அதைக் கையால் எண்ண முடியாது. காலடியில் உறுமலாகக் கேட்கும். நம் தம்பியின் வண்டியில் இருந்தது உறுமல். கியர் மாற்றினாலும் மாறாத உறுமல். ஆகவே இன்ஜினும் அல்ல, டயரும் அல்ல. காசு செலவில்லாமல் பாதி வழக்கு முடிந்துவிட்டது.

நான்காவது கேள்விக்கு வந்த பதில் மீதியை முடித்தது. உதறல் தொடங்குவதற்கு முந்தைய வாரம்தான் ஒரு பட்டறையில் ஷாஃப்டைக் கழற்றி ஜாயிண்ட் கிராஸ் மாற்றியிருக்கிறார்கள்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த ஜாயிண்டுக்குப் பிரெஞ்சில் "கார்தான்" என்று பெயர். 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலிய வைத்தியரும் கணித மேதையுமான கார்தானோவின் பெயரால் வந்தது. இங்கிலீஷ்காரர்கள் ராபர்ட் ஹூக் பெயரைச் சொல்வார்கள். யார் பெயரானாலும் அதன் குணம் ஒன்றுதான்: சாய்வாக நின்று சுற்றும்போது ஒரே சீராகச் சுற்றாது, ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை முந்தும், இரண்டு தடவை பிந்தும். அதனால்தான் ஷாஃப்டின் அந்த முனையில் இன்னொரு ஜாயிண்ட். முதலாவது செய்யும் தப்பை இரண்டாவது சரிசெய்துவிடும். ஆனால் ஒரு நிபந்தனை: ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள கவைகள் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஷாஃப்டின் நடுவே பல் வெட்டிய சறுக்கு இணைப்பு உண்டு. கழற்றி மாட்டும்போது அது சில பல் தள்ளி உட்கார்ந்துவிட்டால், தப்பு சரியாகாது, கூடவும் செய்யலாம்.

வேறொரு வயதான மெக்கானிக் வண்டிக்கடியில் படுத்து, கிரீஸைத் துடைத்துப் பார்த்தார். பல் தள்ளித்தான் இருந்தது. கழற்றி, நேர் பார்த்து மாட்டினார். ஒரு பார்ட்ஸும் வாங்கவில்லை. மறுநாள் அதிகாலை உளுந்தூர்பேட்டை சாலையில் தியாகதுருகம் வரை ஓட்டிப் பார்த்தோம். உறுமல் இல்லை.

இப்போது என் வழக்குக்கு வருகிறேன். கழற்றுவதற்கு முன் இரண்டு துண்டின் மேலும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு போட்டிருந்தால் இந்த ஐந்து மாதம் இல்லை. எங்கள் அலுவலகத்தில் கோப்பின் டேக்கை அவிழ்க்கும் முன் பக்க எண் போடச் சொல்வார்கள். அது சடங்கு அல்ல. அவிழ்த்ததை அவிழ்த்தபடி கட்டுவதற்கு அதைத் தவிர வேறு வழியில்லை.

மெக்கானிக்குகள் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். "யோசிக்க யார் சார் காசு குடுக்கிறாங்க? சாமானுக்குத்தான் பில்லு" என்கிறார்கள். உண்மைதான். ஒரு மணி நேரம் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "எதுவும் மாற்ற வேண்டாம், ஐந்நூறு ரூபாய் கொடுங்கள்" என்றால் வண்டிக்காரர் சண்டைக்குப் போவார். ஐயாயிரத்துக்கு டயர் போட்டால் சிரித்துக்கொண்டே கொடுப்பார். மூளைக்குக் கூலி தராத ஊரில் ரப்பரும் இரும்பும்தான் விற்கும்.

ஆனால் இது பண விஷயம் மட்டும் அல்ல. மலையிலிருந்து இறங்கும்போது வேனைப் பாதி பிடித்துக்கொண்டு வருவது கீழ் கியரில் இருக்கும் இன்ஜின். அந்தப் பிடி பின் சக்கரத்துக்குப் போவது இதே ஷாஃப்ட் வழியாகத்தான். மாதக்கணக்கில் உதறிய ஜாயிண்ட் ஒரு வளைவில் விட்டுவிட்டால், மிச்சம் கால் பிரேக் மட்டும். உள்ளே பிரசவத்துக்கு வரும் பெண் இருப்பாள். "ரோடு அப்படி" என்று அப்போது யாரிடம் சொல்வது?

எனவே வேன் வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தை. டேஷ்போர்டில் ஒரு நோட்டு வையுங்கள். உதறலின் வேகம், கியர், ஆள் கணக்கு, தேதி, கடைசியாக நடந்த வேலை எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒரே நேரத்தில் ஒரு பொருளுக்கு மேல் மாற்ற விடாதீர்கள். மாற்றிய பிறகு அதே ரோட்டில், அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். ஷாஃப்டில் யார் கை வைத்தாலும், கோடு போட்ட பிறகு ஸ்பேனரை எடுக்கச் சொல்லுங்கள். பார்த்துச் சொல்கிறவருக்குக் கூலியை மனமுவந்து கொடுங்கள். அந்த ஐந்நூறைப் போல லாபமான செலவு வேன் தொழிலில் வேறு இல்லை.