பழைய பாதையில் புதிய சுமை

பெங்களூருவை அடுத்த தேவனகொந்திக்குக் கோவை மாவட்டம் இருகூரிலிருந்து பெட்ரோலியப் பொருள்களைக் கொண்டுசெல்லக் குழாய் பதிக்கும் திட்டத்தை பாரத் பெட்ரோலியம் நிறுவனம் மேற்கொண்டது. இருகூர் முதல் முத்தூர் வரை, கொச்சி - கரூர் குழாய் செல்லும் அதே விளைநிலங்களில் இன்னொரு குழாயா என்று எதிர்த்த விவசாயிகள், சாலையோரமாகப் பதிக்குமாறு கோரினர்.

உரிமை பெற்ற பழைய பாதை நிறுவனத்துக்குச் சிக்கனம். புதிய பாதை என்றால் செலவும் தாமதமும் கூடும். ஆனால், முன்பு நிலம் தந்தவர்களே மீண்டும் சுமக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

1962-ஆம் ஆண்டு பெட்ரோலியக் குழாய்ச் சட்டப்படி நிலம் உரிமையாளரின் பெயரிலேயே இருக்கும். ஆனால், அந்தப் பாதையில் வீடு கட்டவோ, கிணறு வெட்டவோ, மரம் நடவோ முடியாது. பயிர்ச் சேதத்துக்கான தொகை நீங்கலாக, இந்த உரிமைக்கு ஈடு சந்தை மதிப்பில் 10 சதவீதமே.

கெயில் எரிவாயுக் குழாயை நெடுஞ்சாலையோரமாகக் கொண்டுசெல்லுமாறு 2013-இல் தமிழக அரசு பிறப்பித்த உத்தரவை சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மாநில அரசின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2016-இல் தள்ளுபடி செய்தது. மாநில அரசின் உத்தரவால் பயனில்லை என்பது அன்றே தெளிவாகிவிட்டது.

போராட்டப் பந்தலில் ஆதரவு தெரிவிக்கும் எம்.பி.க்கள், இச்சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்தில் ஒன்றுபட்டுக் குரல் எழுப்புவார்களா?