குறையைச் சொல்லி விற்றல்

கடற்கரையில் மீன் கூடைகளை வைத்து ஏலங் கூறுவதையும், கோயில் திருவிழாவிற் சுவாமிக்குப் படைத்த மாம்பழத்தை ஏலத்தில் விடுவதையும் நம்மவர் யாவரும் அறிவர். அங்கே கேட்பவர் பொருளைக் கண்ணாற் காண்கிறார். மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறார். ஏலங் கூறுபவர் இன்னார், எவ்வூரார் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால், பொருள் கைக்கெட்டாத் தொலைவில் இருக்கிறது, விற்பவரோ முன்பின் அறியாதவர் என்றால் ஏலம் நடக்குமா? நடக்கிறது. முப்பது ஆண்டுகளாக இணையத்தின் வழியே நடந்து வருகிறது. பிறர் பாவித்த வானொலிப் பெட்டி, கைக்கடிகாரம், தையல் இயந்திரம், பாடநூல், தபால்தலை எனப் பலவும் நாடு விட்டு நாடு கைமாறுகின்றன. அஃது எவ்வாறு இயலுகிறது என்பதை இவ்வாரம் நோக்குவோம்.

1995ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துச் சான் ஹொசே நகரில், பியர் ஒமிடியார் என்னும் இளைஞர் தம் ஓய்வு நேரத்தில் இணைய ஏலக் களம் ஒன்றை அமைத்தார். ஈரானியப் பெற்றோருக்குப் பாரிஸ் மாநகரிற் பிறந்த அவருக்கு அப்போது வயது 28. 1997இல் ஈபே எனப் பெயர் பெற்ற நிறுவனம் அதுவே. அக்களத்தில் முதன்முதலாக விலைபோன பொருள் யாது தெரியுமா? விரிவுரை செய்வோர் திரையிலுள்ளதைச் சுட்டிக் காட்டப் பயன்படுத்தும் சிறு லேசர் விளக்கு ஒன்று, அதுவும் பழுதடைந்தது. பழுதானது என்று அறிவித்தே ஒமிடியார் அதனை ஏலத்தில் விட்டார். 14 டொலர் 83 சதத்துக்கு விலைபோயிற்று. வியப்புற்ற அவர், அது வேலை செய்யாது என்பதை அறிவீரா என வாங்கியவரைக் கேட்க, பழுதான லேசர் விளக்குகளைச் சேகரிப்பவர் தாம் என்று அவர் மறுமொழி தந்தாராம்.

இதைக் கேட்போர் நகைப்பர். நமக்கோ இதில் நகைப்பினும் மேலான பொருளொன்று தோன்றுகிறது. அங்கே குறை மறைக்கப்படவில்லை. அறிந்து வாங்கியவர் ஏமாறவில்லை. சொல்லி விற்றவர் நட்டமடையவும் இல்லை. பாவித்த பொருள் வியாபாரம் முழுவதும் இந்த ஒன்றையே ஆதாரமாகக் கொண்டு நிற்கிறது எனலாம்.

ஏன் என்பதை ஜோர்ஜ் அக்கர்லொவ் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் 1970ஆம் ஆண்டிலே ஒரு கட்டுரையில் விளக்கினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் பழைய மோட்டார் வண்டி. வண்டியின் நோய் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே, வாங்குபவர் நல்ல வண்டிக்கும் கெட்ட வண்டிக்கும் நடுவான ஒரு விலையையே தர முன்வருவார். அவ்விலைக்குத் தம் நல்ல வண்டியைக் கொடுக்க மனமின்றி, அதன் சொந்தக்காரர் சந்தையை விட்டு விலகுவார். எஞ்சுபவற்றிற் பழுதானவையே மலியும். அதையுணர்ந்த வாங்குபவர் விலையை மேலும் குறைப்பார். இருந்த சில நல்ல வண்டிகளும் போய்விடும். முடிவில், வாங்க விரும்புவோரும் விற்க விரும்புவோரும் இருந்தும் சந்தை பாழாகும். இக்கட்டுரையை மூன்று சஞ்சிகைகள் ஏற்க மறுத்தன, நான்காவது வெளியிட்டது. 2001ஆம் ஆண்டில் அக்கர்லொவ் மேலும் இருவருடன் நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கட்டுரை திரும்பி வந்ததென்று மனந் தளரும் மாணவர் இதனை நினைவிற் கொள்வார்களாக.

பொய் நுழைந்தால் நல்ல பொருள் ஓடிவிடும் என்பது இதனாற் பெறப்படும். அங்ஙனமாயின் முகமறியாதார் கூடும் இணைய ஏலம் எவ்வாறு பிழைத்தது? கிராமத்திலே ஒருவரை நேர்மையுடையவராக வைத்திருப்பது ஊரார் வாய். அந்த ஊர்வாயையே ஒமிடியார் 1996இல் தம் களத்தில் அமைத்துக்கொண்டார். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் முடிந்தபின், இருதிறத்தாரும் ஒருவரைப் பற்றி ஒருவர் நல்லதோ தீயதோ எழுதலாம். அஃது எல்லோரும் காண நிற்கும். இம்முறையிலும் ஒரு தீங்கு புகுந்தது. தம்மைக் குறை கூறியவரை விற்பவர் பதிலுக்குக் குறை கூறினர். அதற்கஞ்சி வாங்குபவர் பலர் வாய்மூடியிருந்தனர். ஆகவே 2008ஆம் ஆண்டில், வாங்குபவர்மீது விற்பவர் குறை எழுதும் வசதி நீக்கப்பட்டது.

நற்பெயருக்கு விலையுண்டா? உண்டு என்பதை அமெரிக்க ஆய்வாளர் சிலர் அளந்தே காட்டினர். பழைய படத் தபாலட்டைகளை ஒத்த தரமுள்ள இணைகளாகப் பிரித்தார்கள். ஓர் இணையில் ஒன்றை நெடுங்காலம் நற்பெயர் ஈட்டிய விற்பனையாளரின் பெயரிலும், மற்றதை அதே விற்பனையாளர் புதிதாகத் தொடங்கிய, எவரும் அறியாப் பெயரிலும் ஈபேயில் ஏலத்தில் விட்டனர். 2006இல் வெளியான முடிவின்படி, நற்பெயருக்கு வாங்குபவர் தர இசைந்த தொகை நூற்றுக்கு 8.1 வீதம் மிகுதி. அட்டை ஒன்றே, அனுப்பியவரும் ஒருவரே. பெயர் ஒன்றே வேறுபட்டது.

இனி ஏலங் கேட்பவர் பக்கம் வருவோம். ஈபே ஏலத்தில் நாம் கணினி முன் காத்திருந்து படிப்படியாகக் கேட்கவேண்டியதில்லை. நாம் கொடுக்கக்கூடிய உச்ச விலையை இரகசியமாகப் பதிந்துவிட்டால், நமக்காகக் கணினியே கேட்கும். ஒருவர் 40 டொலர் வரை என்றும், மற்றவர் 31 டொலர் வரை என்றும் பதிந்தால், முதலாமவருக்குப் பொருள் 40 டொலருக்கன்று, 32 டொலருக்கே கிடைக்கும். அதாவது, இரண்டாமவர் கேட்டதற்கு ஒரு படி மேலே நின்றுவிடும். இம்முறை முற்றிலும் புதிதன்று. அமெரிக்கத் தபால்தலை வியாபாரிகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தபால் மூலம் இவ்வகை ஏலம் நடத்தியுள்ளனர். இத்தகைய ஏலத்தில் உள்ளதை உள்ளபடி சொல்வதே கேட்பவருக்கு இலாபம் என்பதை வில்லியம் விக்ரி என்னும் பேராசிரியர் 1961இல் நிறுவினார். 1996இல் நொபெல் பரிசு அறிவிக்கப்பட்ட மூன்றாம் நாளில் அவர் காலமானார்.

எனினும் மனிதர் மனம் கணக்கின்படி நடப்பதில்லை. ஒருவர் தம்மை மிஞ்சிக் கேட்டதும் ரோசம் எழுகிறது. 40 என்றவர் 45 என்கிறார். பிறகு 50 என்கிறார். பொருளை வாங்கும் நோக்கம் போய், எதிராளியை வெல்லும் நோக்கம் வந்துவிடுகிறது. இதனை அறிந்த அனுபவசாலிகள் ஏலம் முடியும் கடைசி விநாடிகளிலேதான் கேட்பர். 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்ட ரொத், ஒக்கன்பெல்ஸ் எனும் இருவர், முடிவு நேரம் மாறாத ஈபேயில் இவ்வழக்கம் மிகுதி என்றும், கடைசி நேரக் கேள்வி வந்தால் ஏலத்தை நீட்டித்த அமேசன் நிறுவனத்தின் அக்கால ஏலங்களில் அது குறைவு என்றும் கண்டனர். ஈபேயிற் கணினிகளைவிடத் தொன்மைப் பொருள்களிலே அது மேலும் மிகுதி. ஏனெனில் அரும்பொருளை இனங்காணும் அறிவுடையோர் முந்திக் கேட்டால், அவ்வறிவைப் பிறருக்கு இலவசமாகக் கொடுத்தவராவர். பழக்கமில்லாதார் செய்யத்தக்கது ஒன்றே: பொருளின் பெறுமதியை ஏலத்துக்கு முன்னரே தாளில் எழுதி வைத்து, தபாற் செலவையும் சுங்கத் தீர்வையையும் அதிற் கழித்து, வரும் தொகைக்கு மேல் ஒரு சதமும் ஏறாதிருத்தல்.

இவையெல்லாம் அயல்நாட்டு விவகாரமென நம்மவர் ஒதுக்கலாகாது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில், ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 360 ரூபா வரை ஏறிற்று. 100 டொலர் பெறுமதியான பொருள் 20,000 ரூபாவிலிருந்து 36,000 ரூபாவாயிற்று. பிள்ளையின் படிப்புக்குப் புதுக் கணினி வாங்க எண்ணியிருந்த எத்தனையோ பெற்றோர் பாவித்த கணினியைத் தேடலாயினர். நம் நாட்டில் இணையத்திற் பாவித்த பொருள் விற்போர் பெரும்பாலும் ஏலம் விடுவதில்லை. விளம்பரம் செய்து, நேரிற் காட்டி, விலை பேசி விற்கின்றனர். பெரும்பாலும் ஒருமுறை விற்றுவிட்டுப் போகிறவர் ஆதலின், அவரைக் காக்க வேண்டிய பெயரும் அங்கில்லை. விளம்பரத்தின் சொற்களே எல்லாம்.

ஆகவே, விற்பவர் பொருளின் வயதையும், பழுதுபார்த்த விவரத்தையும், இப்போதுள்ள குறையையும் முதலிலேயே எழுதுக. மின்கலம் ஒரு மணி நேரமே நிற்குமாயின் அவ்வாறே சொல்லுக. கீறலை மறைத்துப் படம் எடாது, கீறல் தெரியவே எடுக்க. வாங்குபவர் பணம் கொடுக்குமுன் பொருளை இயக்கிப் பார்க்க. கணினி அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்க. முற்பணம் அனுப்பினால் மட்டுமே பொருளைக் காட்டுவோம் என்பாரை விட்டு விலகுக. அயல்நாட்டு ஏலத்தில் வாங்குவோர், களத்துக்கு வெளியே நேராகப் பணம் அனுப்புமாறு விற்பவர் கேட்டால் இசையாதிருக்க. அவ்வழியிற் சென்ற பணத்துக்குக் களம் தரும் பாதுகாப்பு இல்லை.

குறையைச் சொன்னால் விலை குறையும் என்று சிலர் அஞ்சுவர். குறையத்தான் செய்யும், அப்பொருளின் உண்மை விலை அதுவே. மறைத்துப் பெறும் மிகுதி விற்பவரின் இலாபம் அன்று. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பாவித்த கணினியொன்றை வாங்கிப் பிள்ளையின் மேசையில் வைத்த தந்தையிடமிருந்து எடுத்த பணம் அது. அக்கணினி பரீட்சைக்கு முதல் வாரத்தில் நின்றுபோனால், இழப்பு அந்தத் தந்தையோடு முடியாது. அடுத்த மாதம் நல்ல கணினியொன்றை நேர்மையாக விற்க வருபவரையும் அவர் நம்பமாட்டார். அந்த நல்லவரும் தக்க விலை பெறாமல் திரும்புவார்.