பஃறுளியாறு எங்கே ஓடிற்று?

மட்டக்களப்பு வாவியை அடுத்துள்ள வந்தாறுமூலையின் பெயரை ‘வந்து ஆறும் மூலை’ எனப் பிரித்தால், இளைப்பாறும் இடம் தோன்றும். ‘வந்த ஆறு’ எனப் பிரித்தாலோ, அங்கே ஓர் ஆறு பாயத் தொடங்கிவிடும்! இவ்வாறு சொல்லினின்றும் ஆறு பிறப்பதைப் போலவே, நூல்களினின்றும் ஆறுகள் பெருகுவதுண்டு. தமிழர்க்கு அவற்றுள் தலையாயது பஃறுளி.

புறநானூற்றில் நெட்டிமையார் என்னும் புலவர், பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை வாழ்த்துமிடத்து, பஃறுளியாற்று மணலின் தொகையினும் மிகுந்த காலம் அவன் வாழவேண்டும் என்கிறார். அங்கே நாம் பெறுவது ஒரு பெயரும், நல்ல நீரும், மணலுமே. சிலப்பதிகாரம் அவ்வாற்றையும் மலைகளையும் கடல் கொண்டதாகக் கூறுகின்றது. பன்னூறு ஆண்டுகளின் பின் அதற்கு உரைகண்ட அடியார்க்குநல்லாரோ, பஃறுளிக்கும் குமரியாற்றுக்கும் இடையே 700 காவதம் என அளவிட்டு, 49 நாடுகளையும் எண்ணித் தருகின்றார். காலம் செல்லச் செல்ல நிலம் விரிந்தமையை மாணவர் கவனிப்பாராக.

மடகாஸ்கரில் வாழும் லெமூருக்கு இனமான தேவாங்கு இந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படுகின்றது. இத்தகைய ஒற்றுமைக்குக் காரணங்காட்ட, 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்னும் ஆங்கிலேய விலங்கியலார், கடலில் மூழ்கிய ‘லெமூரியா’ என்னும் கண்டத்தைக் கற்பித்தார். 1892இல் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையுடன் பதிப்பித்தார். பின்வந்தோர் இரண்டையும் இணைத்துக் குமரிக்கண்டத்துக்குப் படமும் வரைந்தனர். ஆயின், கண்டங்களே நகர்கின்றன என்பதை 1960களில் அறிவியலார் ஏற்றபின், லெமூரியாவுக்குத் தேவை இல்லாதொழிந்தது.

அங்ஙனமாயின் கடல்கோள் முழுவதும் பொய்யோ? அன்று. சுமார் 20,000 ஆண்டுகளின் முன் கடல்மட்டம் இன்றையதினும் ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. அக்காலத்தில் இலங்கையும் தமிழகமும் ஒரே நிலம். பாக்கு நீரிணையின் அடியிற் கிடப்பது மெய்யான நிலமே. மேலும், 2004 டிசம்பர் 26ஆந் திகதி கல்லடியையும் நாவலடியையும் ஆழிப்பேரலை சிதைத்ததைக் கண்ட மட்டக்களப்பார்க்கு, கடல் ஊரைக் கொள்ளும் துயரத்தை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

ஆகையால் பஃறுளியைப் போற்றுவோம். ஆனால் பாட்டு எவ்வளவு கூறிற்று, உரை எவ்வளவு சேர்த்தது, பிற்காலத்தார் எவ்வளவு வரைந்தனர் எனப் பிரித்தறிந்து போற்றுவோம். இல்லாத கண்டத்தைத் தாங்கி நிறுத்தினால்தான் தமிழுக்குத் தொன்மை உண்டு என்று அஞ்ச வேண்டியதில்லை. கையிலுள்ள பாட்டே அதற்குப் போதிய சான்று. ‘அந்த ஆறு எங்கே?’ என வீட்டுப் பிள்ளைகள் வினவினால், ‘புறநானூற்றில் ஓடுகின்றது, வா, படிப்போம்’ என்று அழைப்போமாக.