காயலான் கடையும் 6146பி வால்வும்

நேரடியா விஷயத்துக்கு வந்துடறேன் மக்களே. பழைய ஹாம் ரேடியோ செட் வச்சிருக்கிறவனைப் பார்த்து "என்னப்பா, காயலான் கடைல பொறுக்கினியா?" என்று சிரிக்கிற கூட்டத்துக்கு எதிரான பதிவு இது. அந்தச் செட்டை வாங்கி கண்ணாடி அலமாரியில் பூட்டி வச்சு அழகு பார்க்கிற கூட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. ரெண்டு தரப்பும் சேர்ந்தே திட்டலாம், வாங்கிக்கறேன் :-)

முதல்ல அந்தக் காயலான் கடை. எங்க பக்கத்து ஊர் காயல்பட்டினத்து வியாபாரிகளால்தான் அந்தப் பேரே வந்துச்சுன்னு சொல்வாங்க. அதனால அந்த வார்த்தையைச் சொல்லித் திட்டினா எனக்கு ஊர்ப்பாசம்தான் வருது. கோபம் வர்றது வேற இடத்துல. ஒரு ஹாம் பெரியவர் காலமானதும், அவர் 40 வருஷம் காப்பாத்தி வச்ச செட்டை வீட்டுக்காரங்க நிஜமாவே கிலோ கணக்குல எடைக்குப் போடறாங்க பாருங்க, அங்கதான்.

தெரியாதவங்களுக்கு நாலே வரி. ஹாம் ரேடியோ என்பது எஃப்.எம். மாதிரி பாட்டு கேட்கிற சமாச்சாரம் இல்லை. டெலிகாம் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு வச்சிருக்கிற பரீட்சையை எழுதி, உரிமம் வாங்கி, ஒரு அழைப்புக்குறியோட நாமே அனுப்பி நாமே வாங்குகிற ரேடியோ. 12 வயசு ஆனாப் போதும், எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ்கூட வேண்டாம். அனுப்பறதும் வாங்கறதும் ஒரே பெட்டியில் இருந்தா அதுக்குப் பேர் டிரான்ஸீவர். என்கிட்ட இருக்கிறது 1980களின் ஆரம்பத்தில் வந்த ஜப்பான் பெட்டி. முன்பாதி முழுக்க டிரான்சிஸ்டர், கடைசியில் சக்தி கொடுக்கிற இடத்தில் மட்டும் ரெண்டு 6146பி வால்வு. எடை கிட்டத்தட்ட 15 கிலோ. வீட்ல அம்மா வச்ச பேர் "கிரைண்டர்".

சரி, பொட்டி தட்டிப் பிழைக்கிற சாஃப்ட்வேர்காரனுக்கு இந்தக் கிரைண்டர் எதுக்கு?

2023 டிசம்பர் 17, 18. ஞாபகம் இருக்கா? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. சில ஊர்கள்ல ஒரு வருஷம் பூராவும் பெய்யற மழையை ஒரே ராத்திரியில் கொட்டிட்டுப் போச்சு. ஸ்ரீவைகுண்டத்துல திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோட நின்னுச்சு. ஏரல் பக்கம் ஆத்துப் பாலத்தோட சாலையே அறுந்துச்சு. எங்க புன்னைக்காயல் இருக்கிறது தாமிரபரணி கடல்ல கலக்கிற இடத்துல. மேல எங்க கொட்டினாலும் தண்ணி கடைசியா எங்க வாசல் வழியாத்தான் கடலுக்குப் போகணும். ஊர் தீவாச்சு. கரண்ட் இல்லை, டவர் இல்லை. நான் அப்போ சென்னையில். ரெண்டு நாள் அம்மா குரல் கேட்கலை. கையில ரெண்டு சிம் போன், மேசையில ஃபைபர் நெட், ஆபீஸ்ல உலகம் பூரா இருக்கிற சர்வர்ல ஒரு மில்லி செகண்ட் தாமதம் ஆனாலும் அலறுகிற அலாரம். 600 கிலோமீட்டர்ல இருக்கிற ஒரு வீட்ல ஆள் பத்திரமான்னு கேட்க வழியில்லை.

அதுக்கப்புறம்தான் பரீட்சை எழுதினேன். அதுக்கப்புறம்தான் கிரைண்டர். வீட்டிலிருந்தே வேலை என்பதால் இப்போ மாசத்துல பாதி நாள் ஊர்லதான், மாடியில் கிரைண்டர் பக்கத்துல. இனி வழக்கமா வர்ற கேள்விகளை ஒவ்வொண்ணாப் பார்ப்போம்.

"வாட்ஸப் இருக்கே பாஸ்?"

இருக்கு, டவர் இருக்கிற வரைக்கும். டவர் நிக்கிறது கரண்ட்ல. கரண்ட் போனா பேட்டரியில, அது தீர்ந்தா டீசல்ல. டீசல் லாரி வர ரோடு வேணும். ரோடு தண்ணிக்குள்ள. இதைப் புரிஞ்சுக்க இன்ஜினியரிங் டிகிரி வேண்டாம், ஒரு வெள்ளம் போதும். எச்.எஃப். ரேடியோவுக்கு நடுவுல யாரும் வேண்டாம். 7 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டர் கம்பி, நடுவுல பிரிச்சு பக்கத்துக்குப் பத்து மீட்டரா ரெண்டு தென்னைக்கு நடுவுல தாழ்வாக் கட்டினாப் போதும். பகல்ல அலை நேரா மேல போய், அயனி மண்டலத்துல பட்டு, சுத்தி 300, 400 கிலோமீட்டருக்குக் குடை விரிச்ச மாதிரி இறங்கும். மதுரை கேட்கும், திருச்சி கேட்கும், கொழும்பும் கேட்கும். டவர் வானத்துலயே இருக்கு, அதுக்கு டீசல் ஊத்த வேண்டியதில்லை.

கதையில்லை இது. 2004 டிசம்பர்ல ஹைதராபாத்தின் தேசிய ஹாம் ரேடியோ நிறுவனத்திலிருந்து பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு அந்தமானுக்குப் போச்சு. போனது வேற வேலைக்கு. வி.யூ.4.ஆர்.பி.ஐ. என்ற குறியில் அந்தமானிலிருந்து உலகத்தோட பேசறது, அவ்வளவுதான், சுத்தமான பொழுதுபோக்கு. 26-ம் தேதி காலையில் பூமி ஆடுச்சு, சுனாமி வந்துச்சு, தீவுகளின் தொடர்பு அறுந்துச்சு. பொழுதுபோக்குக்குக் கொண்டுபோன அதே செட்டுகள் போர்ட் பிளேரிலிருந்து தகவல் அனுப்ப ஆரம்பிச்சது. இலங்கையிலும் அதே கதை. ஹம்பாந்தோட்டையில் போன் செத்த நேரத்துல கார் பேட்டரியில் ஓடின ஹாம் செட்டுதான் கொழும்போட பேசுச்சு. அன்னிக்கு யாரும் "இது எந்த வருஷத்து மாடல்?"னு கேட்கலை.

"சாட்டிலைட் போன் வாங்கிக்கோயேன்?"

வாங்கலாம். ஆனா நம்ம நாட்டுல உரிய அனுமதி இல்லாம அதை வச்சிருந்தா வெள்ளம் வடியறதுக்கு முன்னாடி போலீஸ் வந்துடும். ஹாம் உரிமத்துக்கு ஒரு பரீட்சை, கொஞ்சம் பொறுமை, அவ்வளவே.

"படகுல வி.எச்.எஃப். இருக்கே, மீனவர்களுக்கு அது போதாதா?"

இதைக் கேட்கிறவங்க நல்லவங்க, உட்கார வச்சு பதில் சொல்லணும். வி.எச்.எஃப். அலை ஏறக்குறைய கண்ணுக்குத் தெரியற தூரம்தான் போகும். கரையில 30 மீட்டர் கோபுரம், படகுல 5 மீட்டர் ஆன்டெனான்னு வச்சு கணக்குப் போடுங்க, கிட்டத்தட்ட 32 கிலோமீட்டர் வரும். கரையோரம் போய் வர்ற வள்ளத்துக்கு அது தாராளம். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி வந்தப்போ குமரி மாவட்டத்து விசைப்படகுகள் இருந்த தூரத்துக்கு அது எந்த மூலைக்கு? எச்சரிக்கை போய்ச் சேராமலே எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துட்டாங்க. அதுக்கப்புறம் செயற்கைக்கோள் வழியா செய்தி அனுப்புகிற டிரான்ஸ்பாண்டர் வந்திருக்கு. 2024 ஆகஸ்டில் 1 லட்சம் படகுகளுக்கு அதைப் பொருத்தற திட்டத்தைத் தொடங்கினாங்க. நல்ல வேலை, ரெண்டு கையாலயும் கும்பிடறேன்.

ஹாம் செட்டைப் படகுல ஏத்துங்கன்னு நான் சொல்லலை. அது சட்டப்படி கூடாது. ஹாம் அலைவரிசை மீன்பிடித் தொழிலுக்கானது இல்லை. நான் சொல்றது வேற. படகுல இருக்கிற வி.எச்.எஃப். செட்டோ டிரான்ஸ்பாண்டரோ உப்புக்காத்துல படுத்துக்கிட்டா, ஊர்ல அதைத் திறந்து பார்க்கத் தெரிஞ்சவன் எத்தனை பேர்? ஆன்டெனா கேபிள் முனையில பச்சை பூத்திருக்குன்னு கண்டுபிடிக்க எத்தனை பேர்? அச்சு என்பதையே இந்தியா பெருசா அறியாத காலத்துல, 1578-ல் கொல்லத்துல 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்ட அண்டிரிக் அடிகளார் வாழ்ந்து செத்த ஊருய்யா புன்னைக்காயல். அன்னிக்குப் புதுக் கருவியைக் கையில எடுத்துப் பழகின கரையில, இன்னிக்கு சால்டரிங் அயர்ன் பிடிக்க ஆளைத் தேட வேண்டியிருக்கு. பழைய செட்டு ஒரு பள்ளிக்கூடம்னு நான் நினைக்கிறது இதனாலதான்.

"அப்போ புதுசு வாங்க வேண்டியதுதானே?"

புது எச்.எஃப். செட்டு லட்சத்தைத் தாண்டும். காசு இருந்தா வாங்குங்க, நல்லாவே இருக்கும். ஆனா அதைத் திறந்தா உள்ள கடுகு சைஸ்ல ஆயிரம் பாகம், அத்தனையும் கண்ணாடி போட்டாலும் தெரியாது. கெட்டா போர்டையே மாத்தணும். பழைய பெட்டியைத் திறந்தா ஒவ்வொரு மின்தடையும் விரல்ல பிடிக்கிற சைஸ்ல இருக்கு. சர்க்யூட் படம் முழுசா கையேட்டிலேயே அச்சிட்டுக் கொடுத்திருக்கான். மல்டிமீட்டர் இருந்தா பாதி நோயைக் கண்டுபிடிச்சிடலாம்.

இதுக்காக "அந்தக் காலத்துப் பொருளே பொருள்"னு புராணம் பாட மாட்டேன். 40 வயசான பெட்டிக்கு 40 வயசு வியாதி எல்லாம் உண்டு. இணையத்துல "டெஸ்டட், வொர்க்கிங்"னு போட்டு விற்கிறவர் பாதிப்பேர் டெஸ்டும் பண்ணலை, ஒண்ணும் பண்ணலை. எனக்கு வித்தவரும் "அப்படியே சொருகுங்க சார், ஓடும்"னார். பின்பக்கம் திறந்து பார்த்தா மின்மாற்றி இணைப்பு 100 வோல்ட்டில் இருக்கு, ஜப்பான் உள்ளூர் கணக்கு! நம்ம 230-ல அப்படியே சொருகியிருந்தா பொங்கல் வச்சிருக்கலாம். அதனால பழசு வாங்கறவங்களுக்கு, அனுபவத்துல சொல்றேன்:

1. டயல்ல 10, 18, 24 மெகாஹெர்ட்ஸ் இருக்கான்னு பாருங்க. அந்த மூணு பேண்டும் 1979 உலக மாநாட்டுல ஒதுக்கினது. இல்லைன்னா செட்டு பெரும்பாலும் அதுக்கு முந்தின வடிவமைப்பு. இல்லாட்டியும் குறையில்லை, 7-ம் 14-ம் இருந்தா நம்ம வேலைக்குப் போதும். ஆனா விலையைக் குறைச்சுக் கேட்கலாம்.

2. வந்ததும் சொருகாதீங்க. வோல்ட்டேஜ் இணைப்பு, ஃப்யூஸ், ரெண்டையும் முதல்ல பாருங்க. வருஷக்கணக்கா தூங்கின எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டருக்கு ஒரேயடியா முழு வோல்ட் கொடுத்தா வெடிக்கும். வேரியாக் வச்சு கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. வீங்கினது, கசிஞ்சது எல்லாத்தையும் மாத்துங்க.

3. வால்வு செட்டுன்னா உள்ள 800 வோல்ட் அளவுக்கு ஓடும். பிளக்கைப் பிடுங்கினப்புறமும் கெப்பாசிட்டர்ல அது உட்கார்ந்திருக்கும். வடிய விட்டு, அளந்து பார்த்துட்டுத்தான் கை வைக்கணும். ஒரு கை பாக்கெட்டுல இருக்கட்டும். இது ஜோக் இல்லை.

4. வால்வு கிரிட்டுக்குப் போற இணைப்புக் கெப்பாசிட்டர் கசிஞ்சா புது வால்வும் சிவந்து சாகும். வால்வு மாத்தறதுக்கு முன்னாடி அதைப் பாருங்க. வால்வு மாத்தினா நியூட்ரலைசேஷன் திரும்பப் பண்ணணும், சோம்பல் கூடாது.

5. டியூன் பண்றது டம்மி லோடுல. ஆன்டெனாவுல மாட்டி நிமிஷக்கணக்கா "ஊஊஊ"ன்னு ஊளை விடாதீங்க, அந்த அலைவரிசையில நாலு பேர் பேசிட்டு இருக்காங்க.

6. கடற்கரைக்காரங்களுக்குத் தனியா: உப்புதான் எதிரி. பேண்ட் சுவிட்ச், ரிலே முனை எல்லாம் கறுத்துப் போகும். கான்டாக்ட் கிளீனர் கொஞ்சமா, அதுவும் அதுக்குன்னு இருக்கிறது மட்டும். மழைக்காலத்துல பெட்டியை மூடி சிலிக்கா ஜெல் போடுங்க. வாரத்துக்கு ரெண்டு நாள் ஒரு மணி நேரம் ஓட விடுங்க. வால்வு சூடே உள்ளே இருக்கிற ஈரத்தை விரட்டும். ஓடாத செட்டுதான் சீக்கிரம் சாகும்.

அந்த ஆறாவதுல இருந்துதான் அலமாரிக் கூட்டத்துக்கு வர்றேன். ஐயாமார்களே, பளபளன்னு துடைச்சு, மேல துணி போட்டு, "எஃப்.டி.-101 என்கிட்ட மூணு இருக்கு"ன்னு கணக்குச் சொல்றீங்களே, அதுல எத்தனை வானத்துல பேசுது? ஒண்ணுல பேசுங்க. மீதி ரெண்டை நியாயமான விலைக்கு ஒரு காலேஜ் பையனுக்கோ பொண்ணுக்கோ கொடுங்க. செட்டு கிடைக்காமலே பரீட்சை பாஸ் பண்ணி, உரிமத்தை ஃபிரேம் போட்டு மாட்டி வச்சிருக்கிற பிள்ளைங்க எத்தனை பேர்! ஹைதராபாத்தின் ஃபர்ஹான் 2003 வாக்குல பிட்எக்ஸ்னு ஒரு செட்டை வடிவமைச்சு, நம்ம ஊர்க் கடைகள்ல கிடைக்கிற பாகங்களாலேயே செய்யலாம்னு உலகத்துக்கே இலவசமாக் கொடுத்தார். ஒருத்தர் வடிவமைப்பையே கொடுக்கிறார், நாம அலமாரிச் சாவியைக் கொடுக்க மாட்டேங்கறோம்.

என் கிரைண்டரின் பலவீனத்தையும் மறைக்கலை. அது கரண்டைக் குடிக்கும். வெள்ளத்துல 12 வோல்ட் பேட்டரியில ஓட்ட டிரான்சிஸ்டர் செட்டுதான் லாயக்கு. அதனால படகு பேட்டரியில ஓடற மாதிரி சின்னதா ஒரு பிட்எக்ஸ் கட்டிட்டு இருக்கேன். அதைக் கட்டத் தைரியம் எங்கிருந்து வந்துச்சு? கிரைண்டரைத் திறந்து, மூடி, திரும்பத் திறந்ததுல வந்தது. சித்தப்பா மகன் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தான், இப்போ ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்குப் படிச்சிட்டு இருக்கான். அவன் பாஸ் பண்ணினா, நான் சென்னையில இருக்கிற நாள்லயும் ஊர்ல ஒரு அழைப்புக்குறி இருக்கும்.

அதனால மூணே கோரிக்கை. வீட்டுல ஹாம் பெரியவர் இருந்தா, "எனக்கப்புறம் இந்தச் செட்டு யாருக்கு?"ன்னு அவர் கையாலேயே எழுதி வாங்கி வைங்க. செட்டு உரிமம் உள்ளவங்க கைக்குத்தான் போகணும், அதுக்கும் இப்பவே ஆளைப் பார்த்து வைங்க. பக்கத்துல இருக்கிற இன்ஜினியரிங் காலேஜ்ல ஒரே ஒரு ஆன்டெனா கட்டச் சொல்லி நச்சரிங்க. கடலோரத்துல சொந்த ஊர் இருக்கிற பதிவர்கள் இந்த வருஷம் அந்தப் பரீட்சையை எழுதுங்க. ஆணி புடுங்கறதுக்கு நடுவுல ஒரு மாசம் படிச்சாப் போதும்.

அடுத்த டிசம்பருக்கும் தாமிரபரணி எங்க வாசல் வழியாத்தான் போகும். அதுக்கு வேற வழி தெரியாது.

டிஸ்கி: "கிரைண்டர்ல மாவு ஆட்ட முடியுமா?" வகைப் பின்னூட்டங்கள் அம்மாவுக்கு நேரடியா ஃபார்வர்ட் செய்யப்படும் :-)